பருத்தி ஆடையும் பாசனக் கிணறும்

பருத்தி நம் நாட்டின் முதன்மையான பணப்பயிர்களுள் ஒன்று. கோவில்பட்டி, விருதுநகர்ப் பகுதிகளின் கரிசல் மானாவாரி நிலம் முதல் கொங்கு நாட்டின் கிணற்றுப் பாசன நிலம் வரை தமிழகத்தில் பருத்தி பயிரிட்டுப் பழகிய குடும்பங்கள் பல. பயிரிடுவதும் நாமே, அதனை ஆடையாக உடுத்துவதும் நாமே.

பருத்தி இயற்கையான இழை. ஆகவே பருத்தி ஆடையால் சுற்றுப்புறத்திற்குக் கேடு ஏதுமில்லை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இது பாதி உண்மையே. பழைய பருத்தித் துணி மண்ணில் மக்கிவிடும். பாலியெஸ்டர் துணி மக்காது. ஆனால் விதைப்பு முதல் சலவை வரை ஒரு பருத்தி ஆடை கடந்துவரும் படிகள் ஒவ்வொன்றிலும் நீரும் மண்ணும் ஏதோ ஒரு வகையில் பாதிக்கப்படுகின்றன. எந்தப் படியில் என்ன பாதிப்பு, அதில் உழவர் செய்யக்கூடியது என்ன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

வயலில் செலவாகும் நீர்

ஒரு கிலோ பஞ்சு விளைவிக்க எவ்வளவு நீர் செலவாகிறது என்பதை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். மழையும் பாசனமும் சேர்த்து ஒரு பருத்திப் பயிர் 600 மில்லி மீட்டர் நீரைப் பெறுவதாகக் கொள்வோம். ஓர் ஏக்கருக்கு இது ஏறத்தாழ 24 லட்சம் லிட்டர். ஏக்கருக்கு 8 குவிண்டால் விதைப்பருத்தி கிடைத்தால், அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 270 கிலோ அளவு பஞ்சாகும். ஒரு கிலோ பஞ்சுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் நீர் ஆகிறது. விளைச்சல் 4 குவிண்டாலாகக் குறைந்தால் இதே கணக்கு 18,000 லிட்டராக உயரும்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கும். முதலாவது, விளைச்சல் பெருகினால் ஒவ்வொரு கிலோவுக்கும் ஆகும் நீர் தானே குறைகிறது. நல்ல விதை, உரிய காலத்தில் விதைப்பு, செடி எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ளுதல் ஆகியவையும் நீர்ச் சிக்கனமே. இரண்டாவது, மானாவாரிப் பருத்தி உண்ணும் நீர் மழைநீர். அது நிலத்தடி நீரையோ ஆற்று நீரையோ குறைப்பதில்லை. ஆகவே பருத்தி என்றாலே நீரைக் குடித்துத் தீர்க்கும் பயிர் என்று பொதுவாகச் சொல்லுவது சரியன்று. எந்த நீர், எந்த இடத்தில் எடுக்கப்படுகிறது என்பதே கேள்வி.

தவறான இடத்தில் அளவு மீறி நீர் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மத்திய ஆசியாவின் ஏரல் கடல் சான்றாகும். உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது அது. அதனை நிரப்பி வந்த ஆமு தரியா, சிர் தரியா ஆறுகளின் நீர் 1960-க்குப் பின் பெருமளவில் பருத்திப் பாசனத்திற்குத் திருப்பப்பட்டது. ஏரி சுருங்கி, 1987-ஆம் ஆண்டளவில் இரண்டாகப் பிரிந்தது. காய்ந்த ஏரிப்படுகையிலிருந்து உப்பும் தூசியும் காற்றில் பறந்து சுற்றியுள்ள வயல்களில் படிந்தன. மீன்பிடித் தொழில் அழிந்தது.

நம் இறவைப் பருத்தியில் நீரைச் சிக்கனப்படுத்த ஒன்றுவிட்ட சால் பாசனமும் சொட்டுநீர்ப் பாசனமும் ஏற்றவை. பூக்கும் பருவத்திலும் காய் பிடிக்கும் பருவத்திலும் வாட்டம் வராமல் நீர் கட்ட வேண்டும். மற்றக் காலத்தில் மண்ணின் ஈரத்தைப் பார்த்து நீர் பாய்ச்சினால் போதும்.

பூச்சிமருந்தும் பருத்தியும்

1990-களில் இந்தியாவின் சாகுபடிப் பரப்பில் ஏறத்தாழ 5 சதவீதமே பருத்தி. ஆனால் பயன்படுத்தப்பட்ட பூச்சிமருந்தில் பாதிக்கு நெருங்கிய பங்கு பருத்திக்கே சென்றது. 2002-ஆம் ஆண்டில் பி.டி. பருத்திக்கு ஒப்புதல் அளிக்கப்பட்ட பின், பச்சைக் காய்ப்புழுவுக்குத் தெளிப்பது குறைந்தது. ஆனால் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு மருந்தடிப்பது தொடர்ந்தது. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் நாளடைவில் பி.டி. நஞ்சைத் தாங்கும் திறன் பெற்று, மீண்டும் பெருந்தொல்லையாகிவிட்டது.

மருந்தின் கேடு முதலில் அடிப்பவரையே தாக்கும். 2017-ஆம் ஆண்டு மகாராட்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் நூற்றுக்கணக்கில் நஞ்சேறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இந்தச் செய்தியை மருந்தடிக்கும் ஒவ்வொருவரும் நினைவில் கொள்ள வேண்டும்.

கீழ்க்கண்ட முறைகளால் மருந்துச் செலவையும் கேட்டையும் ஒருங்கே குறைக்கலாம்.

1. எக்டருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறிகள் வைத்து இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் அந்துப்பூச்சிகளைக் கண்காணிக்க வேண்டும். தொடர்ந்து மூன்று நாட்கள் பொறிக்கு 8 பூச்சிகள் வீதம் விழுந்தால் மட்டுமே மருந்து தேவை.

2. தொடக்கத்தில் 5 சத வேப்பங்கொட்டைச் சாற்றைத் தெளிக்கலாம். இதற்கு 100 லிட்டர் கரைசலுக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு தேவைப்படும்.

3. வரப்பில் தட்டைப்பயறும் ஆமணக்கும் விதைக்க வேண்டும். தட்டைப்பயறு பொறிவண்டுகளைப் பெருக்கும். ஆமணக்கு புரோடீனியாப் புழுவை ஈர்த்துக் காட்டிக்கொடுக்கும்.

4. தழைச்சத்தை மண் பரிசோதனைப்படி பிரித்து இட வேண்டும். யூரியாவை அதிகமாக இட்டால் செடி தளதளவென வளர்ந்து தத்துப்பூச்சியை அழைக்கும்.

5. பயிர்க்காலத்தை நீட்டிக்கவோ மறுதாம்பு விடவோ கூடாது. கடைசி எடுப்பு முடிந்ததும் மாரை வயலில் குவித்து வைக்காமல் தூளாக்கி மக்க வைக்க வேண்டும். கொட்டாத காய்களில் தங்கும் புழு இதனால் அழியும், மண்ணுக்கும் உரமாகும்.

6. இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாகக் கலந்து அடிக்கக் கூடாது. காற்றுக்கு எதிராக நின்று தெளிக்கக் கூடாது. கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை ஆகியவை கட்டாயம் வேண்டும்.

சாயப்பட்டறையில் நடப்பது

பஞ்சு நூலாகித் துணியாகும் வரை நீருக்குப் பெரிய கேடில்லை. சலவைப்பட்டறையிலும் சாயப்பட்டறையிலும்தான் நிலைமை மாறுகிறது.

பருத்தித் துணிக்கு இன்று பெரும்பாலும் ரியாக்டிவ் வகைச் சாயங்களே பயன்படுகின்றன. நீரில் கரைந்த சாயத்தை இழையின் பக்கம் தள்ளுவதற்கு உப்பு இடப்படுகிறது. இது சாதாரண உப்பாகவோ சோடியம் சல்பேட்டாகவோ இருக்கும். பிறகு சாயம் இழையோடு பிணைய சோடா சாம்பல் சேர்க்கப்படுகிறது. அடர்ந்த நிறத்திற்கு ஒரு லிட்டர் சாய நீரில் 60 கிராமும் அதற்கு மேலும் உப்பு ஆகும். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் சாய நீர் என்று கொண்டால், ஒரு டன் துணிக்கு 480 கிலோ உப்பு. அதாவது, 50 கிலோ மூட்டையாக ஏறத்தாழ பத்து மூட்டை.

இந்த உப்பு துணியில் தங்குவதில்லை. வேலை முடிந்ததும் அத்தனை உப்பும் கழிவு நீரோடு வெளியேறுகிறது. துணியில் ஒட்டாத சாயமும் உடன் செல்கிறது.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அளவில் பார்த்தால் வயலில் செலவாகும் நீரே மிக அதிகம். பட்டறையில் செலவாகும் நீர் அதில் ஒரு சிறு பங்கே. ஆனால் வயலில் செடியின் வழியே ஆவியாகும் நீர் தூய நீராகவே வானுக்குச் செல்கிறது. பட்டறையிலிருந்து வெளியேறும் நீரோ உப்பைச் சுமந்து செல்கிறது. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அது எங்கே விடப்பட்டதோ அங்கிருந்து கீழ்நோக்கிச் சென்று, கடைசியில் யாராவது ஒருவரின் கிணற்றிலும் மண்ணிலும் தங்கிவிடும்.

நொய்யல் கற்பித்த பாடம்

நொய்யல் ஆறு வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியே ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்னும் ஊரருகே காவிரியில் கலக்கிறது. 1980-களில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி விரைந்து வளர்ந்தது. சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் நூற்றுக்கணக்கில் பெருகின. பட்டறைகளுக்கு வேண்டிய நீர் சுற்றுப்புறக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து லாரிகளில் விலைக்குச் சென்றது. பயன்படுத்திய நீர் நொய்யலில் விடப்பட்டது. மேட்டில் இருந்த உழவர் சிலர் நல்ல நீரை விற்றனர். பள்ளத்தில் இருந்த உழவர்களை உப்பு நீர் வந்து சேர்ந்தது.

சென்னிமலைக்கு அருகே நொய்யலின் குறுக்கே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 10,000 ஏக்கருக்குப் பாசனம் அளிப்பது அதன் நோக்கம். ஆனால் அணையில் தேங்கியது சாயக்கழிவு கலந்த நீர். தேங்கிய நீர் கசிந்து, அணையைச் சுற்றியுள்ள கிணறுகளையும் கெடுத்தது. 1997-இல் அணை நீர் திறந்துவிடப்பட்டபோது கீழ்ப்பகுதியில் பாதிப்பு வெளிப்படையாகத் தெரிந்தது. பாசனத்திற்காகக் கட்டிய அணையைத் திறக்க வேண்டாம் என்று பாசன உழவர்களே கேட்கும் நிலை வந்தது.

1990-களின் பிற்பகுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. அவை நிறத்தையும் அழுக்கையும் குறைத்தன. ஆனால் கரைந்த உப்பை நீக்கும் வசதி அவற்றில் இல்லை. தெளிவாகத் தெரிந்த நீரும் உப்பு நீராகவே இருந்தது.

நொய்யல் ஆயக்கட்டு உழவர்கள் சங்கமாகக் கூடி நீதிமன்றம் சென்றனர். 2004-இல் சூழல் இழப்பு ஆணையம் 68 கிராமங்களைச் சேர்ந்த 28,000-க்கும் மேற்பட்ட உழவர்களுக்கு இழப்பீடு கணக்கிட்டது. 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம் கழிவு நீரைச் சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறும்படி ஆணையிட்டது. 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அதன் பின்னும் கழிவு நீர் ஆற்றில் விடப்பட்டதால், 2011 ஜனவரி 28-இல் 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடி, மின் இணைப்பைத் துண்டிக்க உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

கழிவு நீரிலிருந்து சவ்வூடு முறையில் நல்ல நீரைப் பிரித்து, மிச்சத்தை வற்றவைத்து உப்பை எடுக்கும் வசதி செய்துகொண்ட பட்டறைகள் பின்னர் படிப்படியாகத் திறந்தன. பிரித்த நீரும் உப்புக் கரைசலும் மீண்டும் சாயமிடவே பயன்படுகின்றன. இது பெரிய முன்னேற்றம். ஆனால் வற்றவைக்க எரிபொருள் செலவாகிறது. திரும்பப் பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு மூட்டைகளில் மிஞ்சுகிறது. ஏற்கெனவே மண்ணிலும் நிலத்தடியிலும் சேர்ந்த உப்பு, ஆணை பிறப்பித்ததால் மட்டும் நீங்கிவிடாது. நல்ல மழை பல ஆண்டுகள் பெய்து கழுவ வேண்டும்.

ஒரு தண்ணீருக்கு எட்டு மூட்டை

உப்பு நீரைப் பாய்ச்சினால் நிலத்தில் எவ்வளவு உப்பு சேரும்? இதனையும் கணக்கிட்டுப் பார்ப்போம்.

நீரின் உப்பு அளவு மின்கடத்தும் திறனைக் கொண்டு அறியப்படுகிறது. இதன் அலகு டெசிசைமன். பழைய அறிக்கைகளில் மில்லிமோ என்றிருக்கும். இரண்டும் ஒரே அளவே. ஒரு டெசிசைமன் என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 640 மில்லி கிராம் உப்பு. உங்கள் கிணற்று நீர் 3 டெசிசைமன் என்றால், லிட்டருக்கு 1.9 கிராம் உப்பு இருக்கிறது. ஓர் ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரம் நீர் கட்டினால் 2 லட்சம் லிட்டர் ஆகும். அதில் உள்ள உப்பு 380 கிலோ. ஒவ்வொரு தண்ணீருக்கும் ஏறத்தாழ எட்டு மூட்டை உப்பை நாமே நிலத்தில் கொட்டுகிறோம் என்று பொருள். ஏக்கருக்கு இரண்டு மூட்டை உரம் இடத் தயங்கும் நாம், எட்டு மூட்டை உப்பைக் கணக்கில் வைப்பதில்லை.

கிணற்று நீரைச் சோதிக்கும் முறை

நாக்கில் வைத்துப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நிறம் இல்லை என்பதால் நல்ல நீர் என்றும் கொள்ளக் கூடாது. மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டபின், தூய பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் இரண்டு மூன்று முறை கழுவி, ஒரு லிட்டர் நீர் பிடிக்க வேண்டும். பெயர், ஊர், சர்வே எண், கிணற்றின் ஆழம், பயிரிட இருக்கும் பயிர் ஆகியவற்றை எழுதி, தாமதமின்றி மண் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்ப வேண்டும். கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் சோதிப்பது நலம்.

முடிவைப் பின்வருமாறு புரிந்துகொள்ளலாம்.

0.75 டெசிசைமனுக்குக் கீழ்: பெரும்பாலான பயிர்களுக்கு ஏற்றது.

0.75 முதல் 2.25 வரை: வடிகால் நன்றாக உள்ள நிலத்தில், உப்பை ஓரளவு தாங்கும் பயிர்களுக்கு மட்டும்.

2.25-க்கு மேல்: உப்பைத் தாங்கும் பயிர்களுக்கு மட்டும், தனிக் கவனத்துடன்.

அறிக்கையில் சோடியம் ஈர்ப்பு விகிதத்தையும் பார்க்க வேண்டும். இது 10-க்குக் கீழ் இருந்தால் நன்று. 18-ஐத் தாண்டினால் மண் இறுகி, நீர் உள்ளே இறங்காமல் நின்றுவிடும்.

உப்பு நீர் உள்ள நிலத்தில் செய்ய வேண்டியவை

1. பயிர்த் தேர்வு முதலிடம் பெறும். வெங்காயம், மிளகாய், மக்காச்சோளம், கரும்பு, பயறு வகைகள் உப்பைத் தாங்கா. பருத்தி, சோளம் ஆகியவை தாங்கும். பயிர்களுள் பருத்தி உப்பை மிக நன்றாகத் தாங்கவல்லது. ஆயினும் முளைக்கும் பருவத்தில் அதற்கும் நல்ல நீர் வேண்டும். விதைப்பை மழையை ஒட்டி அமைத்துக்கொள்ளலாம்.

2. உப்பு பாரின் உச்சியில் ஏறிப் படியும். ஆகவே விதையைப் பாரின் உச்சியில் ஊன்றாமல் சரிவில் ஊன்ற வேண்டும்.

3. பயிருக்கு வேண்டிய நீரைவிடப் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை கூடுதலாக நீர் கட்டினால், உப்பு வேருக்குக் கீழே இறங்கும். வடிகால் இல்லாத நிலத்தில் இதனைச் செய்யக் கூடாது.

4. நல்ல நீரும் உப்பு நீரும் கிடைக்குமாயின் கலந்தோ மாற்றி மாற்றியோ பாய்ச்சலாம். முளைப்புக்கும் இளம் பயிருக்கும் நல்ல நீரை ஒதுக்க வேண்டும்.

5. ஜிப்சம் எல்லா நிலத்திற்கும் மருந்தன்று. சோடியம் மிகுந்து கார அமில நிலை 8.5-க்கு மேல் உள்ள களர் நிலத்திற்கே அது பயன்படும். உப்பு மட்டும் மிகுந்த உவர் நிலத்தை நல்ல நீரால் கழுவுவதே வழி. ஆகவே மண் பரிசோதனை செய்யாமல் ஜிப்சம் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

6. தக்கைப்பூண்டு வளர்த்து மடக்கி உழுதல், தொழு உரம் இடுதல், மழைநீரை வரப்புக் கட்டி வயலிலேயே தேக்குதல் ஆகியவை மண்ணின் தன்மையை மீட்கும். மழைநீரைப் போல உப்பைக் கழுவும் பொருள் வேறில்லை.

7. பயிர் செய்யவே இயலாத நிலத்தில் கொழுக்கட்டைப்புல், வேம்பு, சவுக்கு ஆகியவற்றை வளர்த்துக் கால்நடைக்கும் விறகுக்கும் பயன்படுத்தலாம்.

வீட்டில் நாம் செய்யக்கூடியது

உடுத்துவதிலும் ஒரு பங்கு இருக்கிறது. ஆண்டுக்கு நான்கு சட்டை வாங்குபவர் மூன்று வாங்கினால், அதற்குரிய வயல் நீரும் சாய உப்பும் மிச்சம். வெள்ளை, வெளிர் நிறத் துணிகளுக்கு அடர்ந்த நிறத்தைவிட உப்பும் சாயமும் குறைவாகவே ஆகும். வெந்நீர் இன்றித் துவைத்து வெயிலில் உலர்த்தும் நம் வழக்கமே சிறந்தது. எந்திரத்தில் வெந்நீரில் துவைத்து மின்சாரத்தால் உலர்த்தும் நாடுகளில் ஆடையைப் பேணுவதற்கே பெருமளவு எரிசக்தி செலவாகிறது.

சலவைத் தூளை அளவோடு இட வேண்டும். சலவை நீரை நேரே கிணற்றடியில் விடாமல் கல்வாழைப் பாத்தியின் வழியே விட வேண்டும். பழைய வேட்டி, சேலையை எரிக்காமல் துடைதுணியாகவும் மெத்தை விரிப்பாகவும் பயன்படுத்தலாம். பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணியை மறுபடி நூலாக்குவது கடினம். தூய பருத்தி வெட்டுத்துணியைப் பிரித்து மீண்டும் நூலாக்கும் ஆலைகள் பல்லடம், வெள்ளகோவில் பகுதிகளில் உள்ளன.

முடிவுரை

பருத்தி குற்றவாளியன்று. உழவர் வயலில் விளைந்த வெண்பஞ்சு ஆடையாகி ஊர் சுற்றி வரும்போது, அதற்குப் பயன்பட்ட உப்பு அதே உழவரின் கிணற்றில் வந்து இறங்காமல் பார்த்துக்கொள்வதே முக்கியம். நொய்யல் உழவர்கள் தனித்தனியே முறையிட்டபோது பயன் கிட்டவில்லை. சங்கமாகச் சேர்ந்து, தம் கிணற்று நீரின் சோதனை முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டபோது வழி பிறந்தது.

ஆகவே பட்டறைகளுக்கும் ஆலைகளுக்கும் அருகில் நிலம் வைத்திருக்கும் உழவர்கள் ஆண்டுதோறும் கிணற்று நீரைச் சோதித்து, முடிவுகளைத் தேதியுடன் ஒரு நோட்டில் குறித்துவைக்க வேண்டும். இன்று பயிரைத் தேர்ந்தெடுக்க அந்த நோட்டு உதவும். நாளை நீர் கெட்டால் அதுவே சாட்சியாகும். இந்தக் கோடையிலேயே முதல் சோதனையைச் செய்து பயனடையுமாறு உழவர் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.